பெருமாள் மீன்

12 ஜூன் 1997

மெஸ்ஸில் மறுபடியும் பப்புசாறு, அந்தப் பருப்பு ரசம். மழை வருகிற மாதிரி இருட்டிவிட்டு வரவில்லை. மீனுக்குக் கட்டும் அடையாளத்தில் என்ன அச்சடிப்பது என்று இன்று டிபார்ட்மெண்டில் முடிவானது.

வேலை இதுதான்: மடவை மீனின் முதுகில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் நரம்பைக் குத்தி, தடா பக்கம் பழவேற்காடு ஏரியில் திரும்ப விடவேண்டும். துணிக்கடையில் விலைச்சீட்டு குத்துவார்களே, அதே மாதிரி துப்பாக்கிதான். பின்னால் யாராவது அந்த மீனைப் பிடித்து நரம்பை அனுப்பினால் அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். அனுப்புகிறவருக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். "மீன் எங்கே போகிறது என்று தெரியாமல் எந்தத் தண்ணீரைக் காப்பாற்றுவது?" என்று ரங்கையா சார் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். என் கைடு அவர். கேள்வி நல்ல கேள்வி.

நரம்பின் நுனியில் நகத்தளவு இடம். ஒரு எண், ஆங்கிலத்தில் திருப்பதி என்று எங்கள் யூனிவர்சிட்டி ஊர்ப்பெயர், மீதி தெலுங்கு: பிடித்தவர் எங்களுக்கு அனுப்பவும் என்று. சார் என்னைப் பார்த்து, இன்னும் ஏதாவது சேர்க்கணுமா என்றார்.

ஏரியின் தென்பக்கம் தமிழ்நாடு. ஏரியிலிருந்து கடலுக்குப் போகிற வாய் பழவேற்காட்டில் இருக்கிறது. அங்கே தெலுங்கு எழுத்தைக் காட்டினால் கோலம் என்பார்கள். அந்த அறையில் என்னைவிட இது யாருக்குத் தெரியும்?

"சாலு சார்" என்றேன். போதும் என்று.

13 ஜூன்

ஏன் சொல்லவில்லை? ஒரு வார்த்தைதானே. தமிழும் வேணும் சார் — அவ்வளவுதான்.

சொன்னால் உனக்கெப்படித் தெரியும் என்று பவன்குமார் கேட்பான். என்னோடு ஆராய்ச்சியில் சேர்ந்தவன், எல்லாவற்றுக்கும் சிரிப்பவன். சேர்ந்த முதல் வாரம் கேண்டீனில் ஒரு தமிழ்க்காரர் தெலுங்கு பேசியதை அப்படியே பேசிக் காட்டினான். அரவம், அரவம் என்று மேசையே சிரித்தது. தெலுங்கில் எங்களுக்கு அதுதான் பெயர். நானும் சிரித்தேன். சிரித்த பிறகு நான் எப்படி அரவமாவது? என் ஊர் சத்தியவேடு, அங்கே இரண்டு மொழிக்காரர்களும் உண்டு. எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. என் தெலுங்கு பள்ளிக்கூடத் தெலுங்கு, சுத்தமாக இருக்கும்.

வெட்கங்கெட்டவள்.

22 ஜூலை, தடா

ஏரியில் முழு நாள். தண்ணீர் இடுப்பளவுதான், கங்கையா கோலூன்றித் தள்ளுகிறார். எங்கள் படகுக்காரர். நாற்பது வயதிருக்கும், வாய் ஓயாது. நான் நரம்பு குத்தக் குத்த, அவர் மீனை இரண்டு கையாலும் வாங்கித் தண்ணீருக்குள் வைத்து, அது தானாக நழுவும்வரை பிடித்திருக்கிறார். ஒவ்வொன்றிடமும் "போயிட்டு வா" என்று தெலுங்கில் சொல்கிறார். மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவது மாதிரி இருக்கிறதே என்று பவன்குமார் கிண்டல் செய்தான். "என் மகளுக்குக்கூட இவ்வளவு மஞ்சள் நான் வாங்கிக் கொடுத்ததில்லை" என்றார் கங்கையா.

அவர் மனைவி கிருஷ்ணம்மா மத்தியானத்துக்குக் குழம்பு அனுப்பியிருந்தாள். புளி தூக்கல். விரல் இன்னும் மணக்கிறது.

5 நவம்பர்

நரம்புகள் வர ஆரம்பித்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் சுவரிலிருக்கிற வரைபடத்தில் ஒரு குண்டூசி. எல்லா ஊசியும் எங்கள் பக்கமே, தடாவைச் சுற்றி, கங்கையா ஊரைச் சுற்றி. சாருக்குச் சந்தோஷம். இந்த மீன் ஊரைவிட்டுப் போகிற மீன் இல்லை என்கிறார்.

அந்த வரைபடம் ஆந்திரா வரைபடம். தடாவோடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே வெறும் சுவர், ஒரு சுவிட்ச் போர்டு. வெறும் சுவரில் ஊசி எப்படி வரும்? இன்று அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பவன்குமார், என்ன கரண்ட் வருமா வராதா என்று பார்க்கிறாயா என்றான்.

20 டிசம்பர்

அறிக்கை போய்விட்டது. மடவை தன் இடத்தைவிட்டு அதிகம் நகர்வதில்லை. ஆகவே கங்கையா ஊர்த் தண்ணீரை மட்டும் நான்கு மாதம் வலை போடாமல் மூடினால் ஏரி மீன் முழுக்கப் பெருகும். என் கையெழுத்து இரண்டாவதாக இருக்கிறது.

தப்பென்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

10 பிப்ரவரி 1998

நைனா வந்தார்.

முன்னறிவிப்பில்லாமல் டிபார்ட்மெண்ட் வாசலில் நிற்கிறார், கையில் பை, வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு. பவன்குமார் என் பக்கத்தில் இருந்தான். எனக்கு முகம் செத்துவிட்டது. நைனா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "பாகுன்னாவாம்மா?" என்றார். நன்றாயிருக்கிறாயா என்று. எங்கள் நைனா. நெல் மண்டியில் நாலு வார்த்தை தவிர தெலுங்கு பேசாதவர், என்னிடம், என் முன்னால், தட்டுத்தடுமாறித் தெலுங்கு. "மீ நாயனகாரா?" என்று பவன்குமார் மரியாதையாகக் கேட்டான், உன் அப்பாவா என்று. நைனாவே "அவுனு பாபு" என்று பதில் சொன்னார்.

அவருக்கு எப்போது தெரிந்தது? ஹாஸ்டலுக்குப் போன் செய்யும்போதெல்லாம் நான் தெலுங்கில் பதில் சொல்வேனே, அப்போதேவா?

வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனபிறகுதான் தமிழ் வந்தது. பையிலிருந்து மஞ்சள் துணியில் முடிந்த ஒரு மூட்டையை எடுத்தார். சந்திரம்மா கொடுத்ததாம். பழவேற்காட்டிலிருந்து எங்கள் ஊருக்குக் கூடையில் மீன் கொண்டுவருகிறவள்.

"ஒம்பொண்ணு திருப்பதியிலதான படிச்சிக்கினு கீது, பெருமாள் உண்டில்ல சேர்த்துடச் சொல்லுன்னுச்சு. அங்க வலையில பெருமாள் மீனு வருதாம்மே. யாரோ வேண்டிக்கினு முதுவுல மஞ்சக்கயிறு கட்டி விட்டுக்கீறாங்க. திருப்பதின்னு பேரே போட்டுக்கீது. அத எவன் துன்னுவான்? பாதிப்பேரு மீன கடல்லியே வுட்டுட்டானுங்களாம். செத்த மீனா இருந்தா கயித்த மட்டும் அறுத்து முடிஞ்சி வெச்சிக்கிறாங்க."

அவிழ்த்துப் பார்த்தேன். என் நரம்புகள். ஒரு கைப்பிடி. கூட ஒரு கற்பூர வில்லையும் இருந்தது.

நைனா திரும்பிப் போகும்போது சொன்னார்: "போயாந்து ஒரு வார்த்தை சொல்லும்மா. பாவம், நம்பிக் குட்த்துக்கீறா."

11 பிப்ரவரி

மலைக்குப் போய்வந்தேன்.

சாரிடம் போகவேண்டிய மூட்டை. சார் அறை வாசல்வரை போனேன். உள்ளே மீன்வளத்துறை அதிகாரியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார், அறிக்கை மேலே வரை போய்விட்டது, நல்ல பெயர் என்று சிரித்தார். நான் அப்படியே திரும்பி பஸ் ஏறினேன்.

எண்களைப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் எழுதவேண்டிவரும். துணியோடு உண்டியலுக்குள் விட்டேன். விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. பின்னால் வந்தவர்கள் தள்ளித் தள்ளி வெளியே கொண்டுவந்துவிட்டார்கள்.

சந்திரம்மாவின் வேண்டுதலைத்தானே நிறைவேற்றினேன் என்று படியிறங்கும்போது ஒரு நினைப்பு. சீ.

12 பிப்ரவரி

லட்டு வாங்கவில்லை. கைநீட்ட மனசு வரவில்லை.

26 மார்ச்

கங்கையா ஊரில் கூட்டம். அதிகாரி வந்திருந்தார். ஜூனிலிருந்து நான்கு மாதம் இந்த ஊர்த் தண்ணீரில் வலை கூடாது என்றார். ஊரே எழுந்து கத்தியது. இப்போதே இறால் பண்ணைக்காரர்கள் கரையைச் சுற்றி வளைத்துவிட்டார்கள், இனிமேல் தண்ணீரும் கிடையாதா என்று ஒருவர் கேட்டார். கங்கையா கத்தவில்லை. என்னிடம் வந்தார்.

"நீ சொல்லும்மா. நாங்க நாலு மாசம் வயித்தக் கட்டினா, அந்த மீன் இங்கயே இருந்து பெருகுமா? வேற எங்கயும் போயிடாதே?"

தெலுங்கில்தான் கேட்டார். "போகாது" என்றேன், சுத்தமான தெலுங்கில்.

"யசோதம்மா சொன்னா சரி" என்று அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். அவர் சொன்னதால்தான் பாதிப்பேர் உட்கார்ந்தார்கள்.

2 ஏப்ரல்

சோறு இறங்கவில்லை.

14 ஜூலை

தடாவுக்குப் போனேன், வேலை என்று சொல்லிக்கொண்டு. கங்கையாவின் படகு கரையில் கவிழ்த்துக் கிடக்கிறது, அடியில் ஆடு படுத்திருக்கிறது. கிருஷ்ணம்மா தடாவில் புதிதாக வந்த செருப்புக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். கங்கையா மெட்ராஸ் போய்விட்டார், காசிமேட்டில் விசைப்படகில் ஆளாக. ஊரில் வாலிபப் பிள்ளைகள் முக்கால்வாசி இல்லை. நாயுடுபேட்டையில் கல் சுமக்கிறார்கள், சிலர் பெங்களூர்.

"நாலு மாசந்தானம்மா, வந்துடுவாரு" என்று கிருஷ்ணம்மா எனக்கு ஆறுதல் சொல்கிறாள். எனக்கு!

குழம்பு ஊற்றட்டுமா என்றாள். பசியில்லை என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

9 ஆகஸ்ட்

பவன்குமாருக்கு அமெரிக்க விசா வந்துவிட்டது. மீனை விட்டுவிட்டு கம்ப்யூட்டர் படித்தான், போகிறான். எல்லோருக்கும் பால்கோவா. "அங்கே போய் நானும் தப்புத் தப்பாக இங்கிலீஷ் பேசுவேன், எல்லோரும் சிரிப்பார்கள்" என்று சொல்லிச் சிரித்தான். இவனுக்குப் பயந்தா இத்தனையும்? நல்ல பையன். நான் தமிழ் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு நாள் கிண்டல் செய்துவிட்டு மறந்திருப்பான்.

3 செப்டம்பர்

டிபார்ட்மெண்டுக்குப் போன். கங்கையா. கடலூரில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து.

காசிமேட்டுப் படகு மீனைத் தேடித் தெற்கே போய்க்கொண்டே இருந்து கடைசியில் அங்கே கரையேறியிருக்கிறது. கடலூருக்கு நேரே நடுக்கடலில் வலையைக் கொட்டும்போது ஒரு பெரிய மடவை, முதுகில் மஞ்சள் நரம்பு, பாசி பிடித்துப்போய். கூட இருந்த தமிழ் ஆட்கள் பெருமாள் மீன், பெருமாள் மீன் என்று கும்பிட்டிருக்கிறார்கள். கங்கையா பாசியைத் தேய்த்துவிட்டுப் படித்திருக்கிறார். எண்ணைச் சொன்னார். எழுதிக்கொண்டேன். பதிவேட்டில் பார்த்தால் போன வருஷம் ஜூலை இருபத்திரண்டு. அவர் கையிலிருந்து நழுவிய மீன்.

"அம்மா, நானே விட்ட மீன். நானே பிடிச்சேன்" என்று சிரித்தார். முதலில் சிரிப்புத்தான். அப்புறம் மெஷினில் காசு ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. "அப்போ இது இவ்வளவு தூரம் வருதே. எங்க ஊர்த் தண்ணிய எதுக்கும்மா மூடினீங்க?"

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"இங்க எல்லாருக்கும் இது தெரியுமாமே. வருஷம் பூரா வருதாம். உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

சொன்னார்கள் கங்கையா. மஞ்சள் துணியில முடிஞ்சு, கற்பூரம் வெச்சு, எங்க நைனா கையில குட்த்து அனுப்பினாங்க. நான்தான் கொண்டுபோய்த் தொலைச்சேன். — இதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். எழுதி என்ன?

டிபன் பாக்ஸ் அனுப்புகிறேன் என்றேன். என்ன ஒரு பேச்சு. "அது வேணாம்மா, மீன் எங்க கிடைச்சதுன்னு மட்டும் எழுதிக்கோ" என்று வைத்துவிட்டார்.

4 செப்டம்பர்

சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கங்கையாவின் மீன், மூட்டை, உண்டியல், சாலு என்றது, எல்லாம். நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை அவர்.

கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நீ தமிழ் என்று எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? விண்ணப்பத்தில் தாய்மொழி என்ற இடத்தில் நீயே எழுதியிருக்கிறாய். அதற்காகத்தான் உன்னை எடுத்தேன். ஏரி இரண்டு பக்கமும் இருக்கிறது, இரண்டும் தெரிந்த பெண் ஒருத்தி வேண்டும் என்று. அன்றைக்கு உன்னைப் பார்த்துத்தானே கேட்டேன், இன்னும் ஏதாவது சேர்க்கணுமா என்று. நீ போதும் என்றாய். சரி, அந்தப் பக்கத்து ஜனங்களுக்கும் தெலுங்கு வரும் போலிருக்கிறது, இவளுக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன்."

ஐயோ. என் கையாலேயே எழுதிக் கொடுத்ததை ஒளித்துவைத்தேனா நான்?

"வரைபடத்தை நானும்தான் பார்த்தேன்" என்றார் பிறகு. "கீழே சுவர் இருக்கிறது என்று எனக்கும் தோன்றியிருக்கவேண்டும்." அதுதான் இன்னும் வலித்தது. திட்டியிருக்கலாம்.

அறிக்கையைத் திரும்பப் பெற அவர் பெயரில் எழுதுவார். எனக்குப் பட்டம் இரண்டு வருஷமாவது தள்ளிப்போகும். போகட்டும். கங்கையாவுக்கு நாலு மாதம் போனதே.

12 செப்டம்பர், பழவேற்காடு

புரட்டாசி பிறக்க இன்னும் சில நாள்தான். பிறந்துவிட்டால் ஊரே மஞ்சள் மூட்டையோடு மலைக்குக் கிளம்பிவிடும், மிச்சமிருக்கிற நரம்பெல்லாம் உண்டியலுக்குப் போய்விடும். அதனால் ஓடினேன். நைனாவும் வந்தார், நான் கூப்பிட்டேன்.

சந்திரம்மா வீடு வீடாக அழைத்துப் போனாள். சாமி படத்துக்குப் பின்னால், அரிசிப் பானையில், ஒரு வீட்டில் தொட்டில் கயிற்றில். இது வேண்டுதல் இல்லை, நாங்கள் கட்டியது, மீன் எங்கே போகிறது என்று பார்க்க என்று தமிழில் சொன்னேன். நாலு வீட்டுக்கு நாக்கு எழவில்லை, அப்புறம் வந்துவிட்டது. நிறையப் பேர் நம்பவில்லை. பெருமாளுக்கு நேர்ந்ததைக் கேட்கிறாளே என்று ஒரு பெண் உள்ளே போய்விட்டாள்.

சந்திரம்மா என்னை ஓரமாக நிறுத்தினாள். "அப்ப நாங்கூட குட்த்தனுப்பிச்சனே, அது?"

"உண்டியல்ல போட்டுட்டேன்."

"நீ கட்டுன கயிறுன்னு தெரிஞ்சுமா?"

தலையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்காமல் நைனாவைப் பார்த்தாள். நைனா தரையைப் பார்த்தார். அவருக்கு அதுவரை தெரியாது. இந்த ஒரு நிமிஷத்துக்கு முன்னால் நான் செத்திருக்கலாம்.

திரும்பும்போது பஸ்ஸில் நைனா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஊத்துக்கோட்டை தாண்டியபிறகு, "கடலை துன்றியா?" என்றார். பொட்டலத்தை என் மடியில் வைத்தார்.

13 செப்டம்பர்

கிடைத்த எண்களைச் சரிபார்த்தேன். எல்லா மீனும் ஏரி வாய் வழியாகப் போயிருக்கிறது. மழைக்கு ஏரி நிரம்பியதும் முட்டையிடக் கடலுக்குப் போகிறது, எண்ணூர், மகாபலிபுரம், அதற்கும் கீழே. ஒரு ஊர்த் தண்ணீரை மட்டும் பூட்டி என்ன பிரயோஜனம்? வீட்டுக்குள் ஒரு அறையைப் பூட்டிவிட்டு வாசல் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம். மீன் வெளியே போகிற அந்தச் சில வாரம் வாய்ப்பகுதியில் இரண்டு பக்கத்து ஜனங்களும் வலையை நிறுத்தினால்தான் உண்டு. அதற்கு இரண்டு பக்கத்தாரும் ஒன்றாக உட்காரவேண்டும். அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டு மொழியிலும் பேச ஒரு ஆள் வேண்டும்.

தெரியும். எழுதவேண்டாம்.

30 அக்டோபர்

கங்கையா ஊர்த் தண்ணீர் மூடல் போன மாதமே முடிந்துவிட்டது. அடுத்த வருஷம் கிடையாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். கூட்டத்தில் நான் எழுந்து, மார்ச்சில் சொன்னது தப்பு, தெரிந்தே சொன்னேன் என்றேன். யாரும் கத்தவில்லை. பாதி ஊர் இல்லை, யார் கத்துவது? கிருஷ்ணம்மா கடைசியில் உட்கார்ந்திருந்தாள், கம்பெனிச் சீருடையோடு. கூட்டம் முடிந்ததும் என் பக்கம் வராமல் போய்விட்டாள். குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்கவில்லை.

7 டிசம்பர்

புது நரம்புகள் வந்துவிட்டன. நுனியில் எழுத்துக்கு இடம் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் தெலுங்கு, ஒரு பக்கம் தமிழ். திருப்பதி என்ற பெயரை எடுத்துவிட்டோம். தமிழ் வாசகம் நான் எழுதியது.

நைனா வந்திருந்தார், மண்டி வேலையாக. டிபார்ட்மெண்ட் வாசலில் நின்று போன தடவை மாதிரியே "பாகுன்னாவாம்மா?" என்று ஆரம்பித்தார். உள்ளே புதுப் பிள்ளைகள் நாலைந்து பேர் இருந்தார்கள். "நல்லாக்கீறேன் நைனா, உள்ள வா" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. வந்தார். ஒரு நரம்பைக் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார். இத்தனை வருஷத்தில் நான் எழுதியதில் அவர் படித்தது இதுதான் முதல்.

கிருஷ்ணம்மாவிடமிருந்து தகவல்: கங்கையா வரவில்லை. படகை விற்றுவிடச் சொல்லிவிட்டாராம். காசிமேட்டிலேயே வீடு பார்க்கிறார், இவளும் தை மாதம் போகிறாள்.

சுவிட்ச் போர்டை இடம் மாற்றிவிட்டு, ஆந்திரா வரைபடத்துக்குக் கீழே தமிழ்நாட்டு வரைபடத்தை ஒட்டினோம். கடற்கரைக் கோடு சரியாகச் சேரவில்லை, சார் மூன்று தடவை பிய்த்து ஒட்டினார். பழவேற்காட்டு நரம்புகளுக்கெல்லாம் புதுப் பிள்ளைகள் ஊசி குத்தினார்கள். கடலூருக்கு நேரே கடலில் இருக்கிற ஊசியை மட்டும் நான் குத்தினேன். யாருடையது என்று ஒரு பெண் கேட்டாள். கங்கையாவுடையது என்றேன். மீனைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து அவள் எழுதிக்கொண்டாள்.